நீரிழிவும் சர்க்கரை நோயும் உங்கள் இணையதளத்தில் வேறு வேறு நோயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, கேட்டால் பதில் கிடைக்கிறது, இனி வகைப்பாடு, பொருள் தலைப்பு, அடைவு என்று தகவல்களை உட்கார்ந்து அடுக்குவதெல்லாம் வீண் வேலை என்கிற தோரணையில் எழுதியிருந்தார்கள். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய நான்கு நாளும் உங்கள் இணையதளத்தில் ஒரே ஒரு பழைய கட்டுரையைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்தார், அதைத்தான் தேடினேன். தலைப்பும் நினைவில்லை, தேதியும் நினைவில்லை. சரி, பொருளை வைத்துப் பிடிப்போம் என்று ஏதோ ஒரு கட்டுரையின் அடியில் இருந்த 'நீரிழிவு' என்ற குறிச்சொல்லை அழுத்தினேன். சில கட்டுரைகள் வந்தன, நான் தேடியது இல்லை. வந்ததில் ஒன்றைத் திறந்தால் அதன் அடியில் 'சர்க்கரை நோய்' என்று வேறொரு குறிச்சொல், அதை அழுத்தினால் வேறொரு கூட்டம். அப்புறம் இடைவெளி விடாமல் 'சர்க்கரைநோய்' என்று ஒன்று, அது தனிக்குடித்தனம். 'டயபடீஸ்' ஒன்று. 'சுகர்' என்றுகூட யாரோ அவசரத்தில் போட்டிருக்கிறார். ஐந்தும் ஒரே நோய், ஆனால் ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. இதில் வேடிக்கை என்னவென்றால் உங்கள் ஆட்கள் யாரும் தப்பு செய்யவில்லை. ஐந்துமே மக்கள் வாயில் புழங்குகிற சொற்கள்தான்.

நான் புத்தகங்களுக்குப் பொருளடைவு தயாரித்துக் கொடுப்பவன். பொருளடக்கம் இல்லை, பொருளடைவு. முன்னால் அத்தியாயங்களை வரிசையாகப் போட்டிருப்பார்களே அது பொருளடக்கம், கடைசியில் எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் போடுவது பொருளடைவு. (பக்கம் குறைக்க வேண்டும் என்றால் பதிப்பாளர் முதலில் கை வைக்கிற இடமும் அதுதான்.) நூலாசிரியர் 40ஆம் பக்கத்தில் 'காசநோய்' என்பார், 112இல் 'எலும்புருக்கி நோய்' என்பார், 205இல் சட்டென்று 'டிபி' என்பார். மூன்றும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, பக்க எண்களை ஒரே பதிவின் கீழ் சேர்த்து, மற்ற இரண்டு இடத்திலும் 'காசநோய் காண்க' என்று போட்டு, கூடவே 'மேலும் காண்க: நுரையீரல்' என்று ஒரு வழியும் காட்டிவிட வேண்டும். இவ்வளவுதான் தொழில். ஆனால் இதைச் செய்யும்போது நான் நம்பியிருப்பது சொல்லை அல்ல. சொல்லுக்குப் பின்னால் இருக்கிற பொருள் ஒன்றா வேறா என்பதை ஒரு மனிதன் படித்து முடிவு செய்கிறான், அதைத்தான்.

ஒரு புத்தகத்துக்குள் இது என் இஷ்டம். இரண்டு புத்தகங்களின் அடைவை ஒன்றாக்கிக் கொடு என்றால்தான் வம்பு ஆரம்பிக்கிறது. நான் 'காசநோய்' என்று போட்டிருப்பேன், இன்னொருவர் 'எலும்புருக்கி' என்று போட்டிருப்பார். 1990களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் என்கிற இயங்குதளத்தில் ஓடும் கணினிகளைத் தயாரித்த நிறுவனங்களுக்கு இதே வம்பு வந்தது. ஆளுக்கொரு கையேடு, கையேட்டுக்கொரு அடைவு, எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரே விஷயம் பல பெயரில் சிதறிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவர்களின் வேலை வளர்ந்து வளர்ந்து 2000ஆம் ஆண்டில் டாபிக் மேப்ஸ் என்கிற சர்வதேசத் தரநிலை ஆனது, எண் ஐஎஸ்ஓ/ஐஇசி 13250. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது என் தொழில்தான். ஒரு தலைப்பு, தலைப்புகளுக்கு இடையே உறவு, அந்தத் தலைப்பு எங்கெங்கே வருகிறது என்கிற குறிப்பு, ஆக மூன்றே சமாச்சாரம். அடைவுப் பதிவு, 'மேலும் காண்க', பக்க எண் என்று நான் இத்தனை காலம் எழுதிவந்ததை அப்படியே கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு ஒரு முக்கியமான விதியையும் சேர்த்தார்கள், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அடையாளக் குறி கொடு, இரண்டு இடத்தில் ஒரே குறி இருந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் இரண்டையும் ஒன்றாக்கிவிடு.

இந்த ஒரு விதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தரநிலை என்றதும் நம் ஆட்களுக்கு என்ன தோன்றுகிறது? எல்லோரும் இனி 'நீரிழிவு' என்றுதான் எழுத வேண்டும், 'சுகர்' என்று எழுதினால் அபராதம் என்று ஏதோ சொல்லாக்கக் குழு உத்தரவு போடுவதாக நினைத்துக்கொள்கிறோம். உடனே தூய தமிழா பேச்சுத் தமிழா என்று சண்டை, அதிலேயே காரியம் கெட்டுப்போகும். அந்தச் சண்டையே தேவையில்லை. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960இல் இருந்து ஒரு மருத்துவப் பொருள் தலைப்புப் பட்டியலை வைத்திருக்கிறது, மெஷ் என்பார்கள். அதில் நீரிழிவுக்கு டி003920 என்று ஒரு எண். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் போய் ஆங்கிலத்தில் ஹார்ட் அட்டாக் என்று பாமரத்தனமாக அடித்தாலும், மருத்துவர்கள் சொல்கிற மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்ற தலைப்புக்கு அது தானாகக் கொண்டுபோய் விட்டுவிடும். யாரும் உங்களைத் திருத்துவதில்லை. நீங்கள் உங்கள் சொல்லிலேயே கேட்கலாம், எண் பின்னால் இருந்து வேலை பார்க்கும். நம் ஐந்து குறிச்சொல்லையும் அந்த ஒரு எண்ணில் மாட்டிவிட்டால் கதை முடிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் டயபடீஸ் இன்சிபிடஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, அதிலும் சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும், ஆனால் சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரை மட்டும் வைத்துச் சேர்த்தால் அதுவும் இதே மூட்டையில் வந்து விழும். அதற்குத் தனி எண் இருப்பதால் விழாது. சேர்ப்பதற்கு எவ்வளவு அவசியமோ பிரிப்பதற்கும் எண் அவ்வளவு அவசியம்.

தமிழில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். 'ஆறு' என்று தேடிப் பாருங்கள். நதியும் வரும், ஆறு பேர் கைதும் வரும். ஆனால் 'ஆற்றில்', 'ஆற்றை', 'ஆற்றங்கரை' எதுவும் வராது, ஏனென்றால் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லே உருமாறிவிடுகிறது. கணினிக்கு ஆறும் ஆற்றும் வேறு. 'திங்கள்' நிலவா, மாதமா, கிழமையா? இது நம் முன்னோருக்குத் தெரியாத விஷயம் இல்லை. நிகண்டு என்றால் சொற்களையும் அவற்றின் பொருளையும் செய்யுளில் தொகுத்த பழைய நூல், அதில் திவாகர நிகண்டை எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டு தொகுதி. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று முதல் பத்தும் பொருள்வாரியாகப் போகும், ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் ஒரே சூத்திரத்தில். பதினோராவது தொகுதி அதற்கு நேர் எதிர், ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று சொல்வது. இன்றைக்குத் தரநிலைக் குழுக்களில் உட்கார்ந்து பேசுகிற இரண்டு தலைவலிகளும், பல பெயர் ஒரு பொருள், ஒரு பெயர் பல பொருள், தனித்தனித் தொகுதியாகவே அங்கே இருக்கின்றன. பிற்பாடு 1594இல் அகராதி நிகண்டு வந்து சொற்களை அகரவரிசைக்கு மாற்றியது, தேடுவது சுலபமானது, அந்தப் பெயரே எல்லா அகராதிக்கும் நிலைத்தும் விட்டது, ஆனால் மரங்கள் எல்லாம் ஓரிடத்தில் நின்ற தோப்பு கலைந்து எழுத்துக்கு எழுத்து சிதறிவிட்டது. தேடுபொறிக்கு மாறியபோது நமக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான் என்பது என் எண்ணம்.

சரி, பொருளுக்கு எண் கொடுத்தாயிற்று, உறவு? இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். 'வாகனம்' பெரிய தலைப்பு, அதன் கீழே 'கார்', அதன் கீழே 'சக்கரம்' என்று ஒருவர் அழகாக மரம் போல வரைந்துவிடுவார். கார் ஒரு வகை வாகனம், சரி. சக்கரம் ஒரு வகைக் காரா? அது காரின் உறுப்பு. இரண்டு உறவையும் ஒரே கோட்டால் போட்டால், வாகனம் எல்லாம் காட்டு என்று கேட்கும்போது சக்கரமும் வந்து நிற்கும். வகை உறவு வேறு, உறுப்பு உறவு வேறு என்று சொற்களஞ்சியங்களுக்கான ஐஎஸ்ஓ 25964 பிரித்துச் சொல்கிறது. முதல் பகுதி 2011இல் வந்தது, வெவ்வேறு பட்டியல்களை ஒன்றோடொன்று எப்படி இணைப்பது என்கிற இரண்டாம் பகுதி 2013இல். ஒரே குறை, காசு கொடுத்து வாங்கித்தான் படிக்க வேண்டும். எல்லோரும் பின்பற்ற வேண்டிய விதியைப் பூட்டி வைத்து விற்பது எந்த ஊர் நியாயமோ. இணையத்துக்கான தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி 2009இல் வெளியிட்ட ஸ்கோஸ் என்கிற சொற்பட்டியல் தரநிலை அப்படி இல்லை, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது பெயர்களை அவர்கள் வைத்திருக்கும் விதம். ஒரு பொருளுக்கு ஒரு மொழியில் முதன்மைப் பெயர் ஒன்றுதான் இருக்கலாம். மாற்றுப் பெயர் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். மூன்றாவதாக மறைபெயர் என்று ஒன்று, திரையில் காட்டாமல் தேடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் பெயர், எழுத்துப் பிழைகளை எல்லாம் அதில் போட்டுவிடலாம். 'சக்கரை நோய்' என்று 'ர்' என்கிற ஒற்றை விழுங்கிவிட்டு அடிப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கும் வாசல் திறந்திருக்கும், பக்கத்தில் பிழையும் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே மரத்தில் தொங்கவிடலாம் என்ற கனவு பலமுறை பலித்தது மாதிரி இருந்து பொய்த்திருக்கிறது. மெல்வில் டூயி 1876இல் பத்து பத்தாகப் பிரித்த முறை இன்றும் உலகம் முழுக்க நூலகங்களில் ஓடுகிறது, பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அதில் மதத்துக்கு ஒதுக்கிய 200 முதல் 299 வரையிலான எண்களில் 220 முதல் 289 வரை கிறிஸ்தவம், உலகத்தின் மற்ற மதங்கள் எல்லாம் 290களில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மரத்தை நட்டவர் எங்கே நின்று பார்த்தாரோ அந்தப் பக்கம்தான் கிளை அடர்த்தியாக இருக்கும். இணையத்தையே மரமாக்கப் பார்த்த யாஹூ டைரக்டரி 1994இல் தொடங்கி 2014இல் மூடப்பட்டது, தன்னார்வலர்கள் நடத்திய டிமாஸ் 2017இல்.

இதற்கு மாற்று சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில், ஒரு பெரிய கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைத் திருகி விதவிதமாகச் சேர்த்துக் காட்டியதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஒரு பெட்டி செய்து வைக்காதே, துண்டுகளை வைத்திரு, தேவைப்படும்போது சேர்த்துக்கொள் என்பது அவருடைய வழி. 1933இல் கோலன் பகுப்பு முறையாக அது வெளிவந்தது. பின்னாளில் தனித்தன்மை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்களாக அதை வகுத்துச் சொன்னார். (நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொன்னதை அவர் கடன் வாங்கினார் என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம், அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் நினைத்துப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது.) நான் தேடிய கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நோய் நீரிழிவு, உறுப்பு பாதம், செயல் பராமரிப்பு, யாருக்கு என்றால் முதியவர்களுக்கு. நான்கு துண்டு. எந்தத் துண்டைப் பிடித்து இழுத்தாலும் கட்டுரை கைக்கு வர வேண்டும். இணையக் கடையில் சட்டை வாங்கும்போது அளவு, நிறம், துணி என்று இடது பக்கம் தட்டித் தட்டிக் குறைத்துக்கொண்டே போகிறோமே, அது அவர் காட்டிய வழிதான். சட்டைக்குச் செய்கிறவர்கள் செய்திக்குச் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

இனி அந்தக் கட்டுரையாளரின் வாதத்துக்கு வருகிறேன். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஆட்களுக்குக் கசக்கிற ஒரு உண்மை இருக்கிறது. 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்பவர் விமானவியல் தொடர்பான 1,400 ஆவணங்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியல்கள், கட்டுரையில் இருக்கிற சாதாரணச் சொற்கள், எது தேடலுக்கு நன்றாக உதவுகிறது என்று. பார்த்துப் பார்த்துச் செய்த பட்டியல்களை விடச் சாதாரணச் சொற்களே நன்றாக வேலை செய்தன. நடத்தியவருக்கே அது அதிர்ச்சி. ஆனால் எழுதியவர்களும் தேடியவர்களும் ஒரே துறைக்காரர்கள், ஒரே மொழி, ஒரே குறுகிய பாடம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மருத்துவர் 'நீரிழிவு' என்று எழுதி, வீட்டில் இருப்பவர் 'சுகர்' என்று தேடுகிற உலகம் அது இல்லை.

செயற்கை நுண்ணறிவு அந்த இடைவெளியைத் தாண்டிவிடும் என்பீர்கள். தாண்டுகிறது, 'சுகர்' என்று கேட்டாலும் அதற்குப் புரிகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். நானும் கேட்டுப் பார்த்தேன். பாதப் பராமரிப்பைப் பற்றி நல்ல தமிழில் பத்து வரி கொடுத்தது. நான் கேட்டது அந்தக் கட்டுரை எங்கே என்று. மறுபடி கேட்டதும் உங்கள் நாளிதழ் பெயரைப் போட்டு ஒரு தலைப்பையும் ஒரு தேதியையும் சொன்னது. அந்தத் தேதி இதழை எடுத்துப் பார்த்தேன், அப்படி ஒரு கட்டுரையே இல்லை. சொல்ல வந்தது இதுதான், பதில் வேறு, இருப்பு வேறு. இந்தப் பொருளில் எங்களிடம் இருப்பது மொத்தம் இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை என்று சொல்வதற்கு யாராவது ஒருவர் அடுக்கி வைத்திருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவருக்கும் வழக்கு நடத்துகிறவருக்கும் 'இல்லை' என்பதும் ஒரு தகவல். கேட்டால் பதில் கிடைக்கும் சேவையும் ஒன்றும் புதிதில்லை. 1895இல் பிரஸ்ஸல்ஸில் பால் ஓட்லேயும் ஆன்றி லாஃபோந்தேனும் தொடங்கிய நிறுவனம், ஒரு கோடிக்கு மேல் அட்டைகளைப் பொருள்வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு, தபாலில் கேள்வி அனுப்பினால் அட்டைகளைப் பிரதியெடுத்து அனுப்பியது. பதில் அனுப்ப முடிந்தது அட்டைகள் அடுக்கி இருந்ததால்தான்.

இன்னொரு பயமும் சிலருக்கு இருக்கிறது, பெயரை இன்றைக்கு முடிவு செய்துவிட்டால் நாளைக்கு அது தவறாகிவிடாதா என்று. ஆகும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொருள் தலைப்புகளில் குடியேறிகளைச் 'சட்டவிரோத அந்நியர்' என்று பொருள்படும்படி ஒரு தலைப்பு இருந்தது. அது மனிதரை இழிவுபடுத்துகிறது என்று கல்லூரி மாணவர்கள் கேள்வி எழுப்பி, மாற்றுகிறோம் என்று நூலகம் 2016இல் அறிவித்து, அரசியல் தடை வந்து, கடைசியில் 2021இல்தான் மாறியது. பெயரே அடையாளமாக இருக்கும் இடத்தில் பெயரை மாற்றுவது அஸ்திவாரத்தைத் தோண்டுகிற வேலை. எண் அடையாளமாக இருந்தால் பலகையை மட்டும் மாற்றி மாட்டிவிடலாம், பழைய பெயரில் தேடி வருகிறவரும் வழி தவற மாட்டார்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் இணையதளத்தில் இருக்கிற குறிச்சொற்கள் அத்தனையையும் ஒரு கோப்பில் இறக்கி, ஒரே பொருளைச் சொல்பவற்றைச் சேர்த்து, பொருளுக்கொரு எண் கொடுங்கள். செய்தியாளர் எந்தச் சொல்லைப் போட்டாலும் அது அந்த எண்ணில் போய் உட்காரட்டும், எழுதுகிற கையைக் கட்ட வேண்டாம். மருத்துவத்துக்கு மெஷ் எண் போல ஏற்கெனவே உலகம் ஒப்புக்கொண்ட எண் இருக்கும் இடத்தில் அதையே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிறகு அந்தப் பட்டியலை வெளியே விடுங்கள், மற்ற நாளிதழ்களும் பதிப்பாளர்களும் நூலகங்களும் எடுத்துக்கொள்ளட்டும், சண்டை போடட்டும், திருத்தி அனுப்பட்டும். போட்டிப் பத்திரிகையோடு செய்தியைப் பகிர முடியாது என்பது புரிகிறது, ஆனால் நீரிழிவுக்கும் சர்க்கரை நோய்க்கும் ஒரே எண் என்பதில் என்ன தொழில் ரகசியம் இருக்கிறது? இதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அது உண்மை. மெஷ் பட்டியலை வருடா வருடம் திருத்துகிறார்கள். ஒருமுறை செய்துவிட்டுப் பூட்டிவிட்டால் ஆறு மாதத்தில் புதுப் பெயர்கள் முளைத்து, மறுபடியும் ஐந்து வாசல் ஆகிவிடும்.

முதல் பட்டியலை ஒப்புநோக்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். அதற்கு முன்னால், அந்தப் பாதப் பராமரிப்புக் கட்டுரையின் இணைப்பு உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து அனுப்பி வையுங்கள். 'சுகர்' என்பதற்குள் இருக்கிற கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டேன், 'கால்' என்று போட்டால் கால்பந்து வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்